நல்ல மேசன், நல்ல வயரிங்காரர்: கல்முனைக் கரையோரத்தில் இணையம் வழியாகத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்காக எழும்புவது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே இங்கே வழக்கம் என்பதால், மகள் ஓ.எல். எழுதுமுன்பே வளவின் ஒரு மூலையில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ-4 வீதியில் எந்த ஊரில் இறங்கி எந்த ஒழுங்கைக்குள் நடந்தாலும் பாதி எழும்பிய வீடு ஒன்று கண்ணில் படும். அதற்குக் காசு அனுப்பும் வாப்பா பல வீடுகளில் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். மேசனைப் பிடிப்பது, சீமெந்து இறக்குவது, கூலி எண்ணிக் கொடுப்பது எல்லாம் உம்மாவின் பொறுப்பு.

முன்பு இது வாய்ச்சொல்லில் நடந்தது. மாமி வீட்டில் வேலை செய்த ஓடாவியார் நம் வீட்டுக்கும் வருவார். இன்று கைதேர்ந்தவர்களில் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கோ மாதக்கணக்கில் வேலை நிரம்பியிருக்கிறது. அதனால் பேஸ்புக் குரூப்பில் “நல்ல வயரிங்காரர் ஒருவர்ட நம்பர் தாங்க” என்று கேட்கிறோம். ஒரு மணி நேரத்தில் இருபது நம்பர் வந்து விழுகிறது. அந்த இருபதில் யாரை எடுப்பது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையம் ஆளைக் காட்டும். ஆளின் வேலையைக் காட்டாது. வேலையை ஊருக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். கொழும்பில் நூறு பேர் எழுதிய மதிப்பீட்டை நம்பி ஆள் பிடிக்கலாம். நமது ஊர்களில் அத்தனை பேர் எழுதுவதில்லை. ஆனால் கொழும்பில் இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. ஒருவர் கட்டிய வீடு எது என்று தெரிந்தால் பத்து நிமிடத்தில் அங்கே போய் நிற்கலாம். கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்காக.

## முதல் படி: தேடுமுன் வேலையை எழுதுங்கள்

“வீட்டில் சின்ன வேலை ஒன்று” என்று கேட்டால் வரும் பதிலும் அப்படித்தான் இருக்கும். என்ன வேலை, எவ்வளவு இடம், வீட்டின் வயது, எப்போது முடிய வேண்டும், பொருள் யார் வாங்குவது என்ற ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து ஒன்று, கிட்ட ஒன்று, அளவு நாடாவை வைத்து ஒன்று.

ஒரு நல்ல வட்ஸ்அப் செய்தி இப்படி இருக்கலாம்: “அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. சாய்ந்தமருதுல கடற்கரைப் பக்கம் எங்கட வீடு. குசினிக்கு மேல ஸ்லாப்பில பத்துக்குப் பத்து அடி இடத்தில கொங்கிரீட் கழன்டு கம்பி தெரியுது. வீடு 2006ல கட்டினது. படம் நாலு அனுப்பியிருக்கன். நோன்புக்கு முன்ன முடிக்க ஏலுமா? வந்து பார்த்துச் சொல்றதுக்கு எவ்வளவு எடுப்பீங்க?”

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். வந்து பார்ப்பதும் அரை நாள் வேலைதான். அதற்கு ஒரு தொகை கொடுக்கத் தயார் என்று சொன்னால், வேலை நிரம்பியுள்ள நல்ல ஆட்களும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. கூரை, அத்திவாரம், வெளிப்பூச்சு எதையும் அப்போது தொடங்கக் கூடாது. பெரும்போக அறுவடைக் காலத்தில் கையாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். பெருநாளுக்கு முந்திய வாரங்களில் பெயின்ட் அடிப்பவர் கிடைப்பது கடினம்.

## இரண்டாம் படி: எங்கே தேடுவது

பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஊர்க் குரூப்கள்தான் நமது பக்கத்தில் அதிகம் பயன்படுவன. ஆனால் உடனே கேள்வி போடாதீர்கள். குரூப்பின் உள்ளே தேடும் பெட்டியில் “வயரிங்”, “மேசன்”, “டைல்ஸ்”, “பைப்”, “சீலிங்” என்று தட்டி, பழைய பதிவுகளைப் பாருங்கள். தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். சாய்ந்தமருதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் பாதிப் பதிவுகள் தப்பிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ கேட்ட கேள்விக்கு வந்த பதிலிலும், இந்த மாதம் வந்த பதிலிலும் ஒரே ஆளின் பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிலாளி இரண்டு ஆண்டு அதே நம்பரில் அதே ஊரில் இருக்கிறார் என்பதே ஒரு நற்சாட்சி.

நீங்கள் பதிவு போடுவதானால் “நல்ல ஆள் யார்?” என்று கேட்க வேண்டாம். “கடந்த மழைக்கு முன் உங்கள் வீட்டில் ஸ்லாப் வேலை செய்தவர் யார்? மழையில் ஒழுகியதா?” என்று கேளுங்கள். அப்போது சொந்தக்காரருக்காகப் பேசுபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அனுபவப்பட்டவர்கள் மட்டும் பேசுவார்கள். பதில் சொன்னவருக்குத் தனியே ஒரு செய்தி அனுப்புங்கள். பொதுவில் சொல்லத் தயங்கிய குறையைத் தனியே சொல்வார்.

2012 முதல் இயங்கும் இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் நமது மாவட்டத்தைத் தெரிவு செய்து தேடலாம். வாடகைக்கு மெஷின், ஜெனரேட்டர், பழைய கதவு நிலை தேட அவை உதவும். மேசன், ஓடாவி என்று வரும்போது கொழும்பு, கம்பஹாப் பக்கம் உள்ளவர்களே அதிகம். பொத்துவில் வரை வந்து வேலை செய்வதாகச் சொல்பவருக்குப் போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்ந்த செலவு யார் தலையில் விழும் என்பதை யோசியுங்கள். ஸ்ரீலங்கா டெலிகொமின் ரெயின்போ பேஜஸ் கடைகளையும் நிறுவனங்களையும் தேட நல்லது. தனி ஆட்களுக்கு அவ்வளவு பயனில்லை.

கூகுள் மெப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் மேசனைத் தேடாதீர்கள். ஹார்ட்வெயார் கடை, அலுமினியக் கடை, வெல்டிங் பட்டறை, மோட்டர் வைண்டிங் கடை ஆகியவற்றைத் தேடுங்கள். வெல்டிங், அலுமினியம் போன்ற வேலைகளுக்குப் பட்டறை உள்ளவரே மேல், ஏனென்றால் அவர் ஓரிடத்தில் இருக்கிறார். ஹார்ட்வெயார் முதலாளியிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. “நல்ல மேசன் யார்?” என்று கேட்டால் கடைக்கு ஆள் கொண்டுவரும் மேசனின் பெயர் வரலாம். “உங்கட கடையில பொருள் எடுத்து, மிச்சப் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து தாற மேசன் யார்?” என்று கேளுங்கள். மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பவர் வீட்டுக்காரரின் காசைத் தன் காசு போலப் பார்ப்பவர்.

இன்னொன்று: தன் சமூகத்தின் குரூப்பில் மட்டும் தேடுவது நமக்கே நட்டம். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ் ஓடாவிமாரும் மேசன்மாரும் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வேலை செய்பவர்கள்தான். நமது ஆட்கள் அங்கே போய்ச் செய்கிறார்கள். கல்முனையிலிருந்து காரைதீவு ஓட்டோ தூரம். தேடும் வட்டத்தை அந்த அளவுக்காவது விரியுங்கள்.

## மூன்றாம் படி: நம்பருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார்?

மூன்று, நான்கு பெயர்கள் கையில் வந்ததும் ஒவ்வொருவரின் பேஸ்புக் பக்கத்தையும் டிக்டொக்கையும் பாருங்கள். அழகான படங்கள் இருக்கும். அவை அவருடைய வேலைதானா? படத்தின் பின்புறத்தைக் கவனியுங்கள். நமது கரையில் வெண்மணல், தென்னை, மதிலுக்கு மதில் ஒட்டிய வீடு. சிவந்த மண்ணும் பின்னால் மலையும் தெரிந்தால் அது வேறெங்கோ எடுத்த படம். சந்தேகம் வந்தால் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் இந்தியப் பக்கம் ஒன்றிலும் கிடைத்தால் அந்தப் பெயரை வெட்டிவிடுங்கள்.

முழுமையாக முடிந்த வேலையின் படத்தை விட, பாதி வேலையில் எடுத்த படங்களுக்கு மதிப்பு அதிகம். கம்பி கட்டிய நிலை, சுவர் வெட்டிப் பைப் பதித்த நிலை, கொங்கிரீட்டுக்கு முந்திய பலகை அடிப்பு ஆகியவற்றைப் படம் எடுத்துப் போடுகிறவர் மூடி மறைக்க ஒன்றுமில்லாதவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு பேசுங்கள். செய்தியில் முடிக்காமல் ஒரு தரம் குரலில் பேசுங்கள். முழுப்பெயர், எந்த ஊர், யாரிடம் தொழில் பழகினார், இப்போது எங்கே வேலை நடக்கிறது என்று மரியாதையாகக் கேட்கலாம். “யாருக்கிட்ட பழகினீங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது தொழில்காரரின் குரலே மாறும், தன் குருவின் பெயரைச் சொல்லப் பெருமைப்படாத ஓடாவி இல்லை.

சான்றிதழ் பற்றி. இலங்கையில் கைத்தொழில் திறனுக்குத் தேசிய தொழிற்றகைமை என்ற ஏற்பாடு உண்டு. எல்லோரும் என்.வி.கியூ. என்பார்கள். ஏழு நிலைகளில் முதல் நான்கு சான்றிதழ் நிலை, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்ட நிலை. மேசன், மின்காரர், பிளம்பர் போன்றவர்களிடம் மூன்றாம் அல்லது நான்காம் நிலையை எதிர்பார்க்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள் போன்ற இடங்களில் படித்தவர்கள் இதைப் பெறுகிறார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு இருபது ஆண்டு தொழில் செய்தவரும் தன் திறனைக் காட்டிப் பரீட்சிக்கப்பட்டு இதைப் பெறலாம். முன்கற்றலை ஏற்றுக்கொள்ளும் வழி ஒன்று அதில் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் இதை நடத்துவது, சான்றிதழ் இலக்கத்தைக் கொண்டு அவர்களிடம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். முழு வீட்டையும் ஒரே கொந்தராத்தாகக் கொடுப்பதானால், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் அவர் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

சான்றிதழ் இல்லாததால் மட்டும் ஒரு நல்ல மேசனை ஒதுக்கிவிட வேண்டாம். நமது ஊர்களில் மிகத் திறமையான பலர் கடதாசி இல்லாதவர்கள்தான். மின்சார வேலை மட்டும் வேறு கதை. அதைத் தனியே சொல்கிறேன்.

## நான்காம் படி: முடித்த வேலையைப் போய்ப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு வீடுகளின் விபரம் கேளுங்கள்: இப்போது வேலை நடக்கும் வீடு ஒன்று, கடந்த நவம்பருக்கு முன் முடித்த வீடு ஒன்று. இரண்டாவது வீடு ஒரு மழைக்காலத்தைக் கண்டிருக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

அங்கே போனால் எதைப் பார்ப்பது? சீலிங்கில் மஞ்சள் கறை. ஜன்னலின் கீழ் மூலையில் வெடிப்பு. மதிலின் அடியில் உப்புப் பூத்துப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா என்பது. பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தண்ணீர் தானாக ஓட்டைக்குப் போக வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது. டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். வெற்றோசை கேட்டால் அடியில் சாந்து சரியாகப் பரவவில்லை. ஓடாவி வேலையானால் கதவு மழைக்காலத்தில் இறுகியதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் இன்னும் மூன்று கேள்விகள். சொன்ன நாளில் வந்தாரா? சொன்ன விலையில் முடித்தாரா? முடித்த பிறகு குறை சொன்னபோது போனை எடுத்தாரா? மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். குறை இல்லாத வேலை இல்லை. குறை சொன்னால் வருகிற ஆள்தான் நமக்கு வேண்டும்.

கரையோரத்துக்கே உரிய ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறை. அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில் கரையோரம் முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. அவை இப்போது இருபது வயதை எட்டிய வீடுகள். கடற்காற்றின் உப்பு கொங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்ததும் கொங்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. குசினிக்கு மேலும் பாத்ரூமுக்கு மேலும் ஸ்லாப் பெயர்ந்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தத் திருத்த வேலையை வைத்தே ஒரு மேசனை எடைபோடலாம். “என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். “சீமெந்து போட்டுப் பூசிவிட்டா சரி” என்பவர் வேண்டாம். அந்தப் பூச்சுக்குள் துரு தொடர்ந்து வளரும், அடுத்த மழைக்குள் அதுவும் விழும். தெரிந்தவர் இப்படிச் சொல்வார்: தட்டிப் பார்த்து வெற்றோசை வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும், கம்பியின் பின்பக்கமும் வெளியே தெரியும்வரை தோண்ட வேண்டும், கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து இரும்பு பளிச்சிட வேண்டும், மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும், துருத்தடுப்புப் பூச்சு அடித்துத்தான் சாந்து வைக்க வேண்டும், பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஸ்லாப் பெரிதாகத் தொங்கியிருந்தால் “இதுக்கு இஞ்சினியர் ஒருவர் பார்க்கணும்” என்றும் சொல்வார். அப்படிச் சொல்பவரின் நம்பரைப் பத்திரமாக வையுங்கள்.

புதிய வேலைக்கும் இரண்டு கேள்விகள் போதும். கொங்கிரீட்டுக்கு எந்தத் தண்ணீர் எடுப்பீர்கள்? கடற்கரையை ஒட்டிய உவர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று அவராகவே சொல்ல வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் கட்டை வைப்பீர்களா? வைத்தால்தான் கம்பி பலகையில் ஒட்டாமல் கொங்கிரீட்டுக்குள் நிற்கும். உப்பு எட்டுவதற்குக் காலம் எடுக்கும். மணல் கடற்கரையில் அள்ளியதாக இருக்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

## மின்சார வேலைக்குத் தனிக் கவனம்

மேசன் தவறினால் சுவர் ஒழுகும். வயரிங்காரர் தவறினால் உயிர் போகும். ஆகவே இங்கே மட்டும் தகைமை இல்லாதவரை, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வேலைக்கு விடாதீர்கள். தொழிற்றகைமை பெற்ற மின்காரர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் திட்டத்தை இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னெடுத்தது. அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய இணைப்புக்கு வயரிங் சோதனை அறிக்கையும் கேட்பார்கள். அதில் யார் கையொப்பமிடுவார் என்பதை வேலை தொடங்குமுன் தெளிவாக்குங்கள்.

30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவர் முன்னால் அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். எர்த் கம்பி பற்றிக் கேளுங்கள். நமது காய்ந்த மணலில் மின்சாரம் எளிதில் இறங்காது. கம்பியை ஆழமாக அடித்து, மீற்றரால் அளந்து காட்டுபவரே சரியான ஆள். பிளக் எல்லாம் 13 ஆம்பியர் சதுர முனைக்கு உரியதாக இருக்கட்டும். இலங்கையின் நியமம் இப்போது அதுதான். மீற்றர் பெட்டியின் சீலை எந்தத் தனியாளும் தொடக் கூடாது. அந்தப் பக்கத்துக் கோளாறுக்கு 1987 என்ற மின்சார அழைப்பு இலக்கம், தண்ணீர் மீற்றர் பக்கத்துக்கு நீர் வழங்கல் சபையின் 1939.

## ஐந்தாம் படி: விலை கேட்பது

மூன்று பேரிடம் கேளுங்கள். மூவருக்கும் ஒரே செய்தி, ஒரே படங்கள். இல்லாவிட்டால் மூன்று விலைகளை ஒப்பிட முடியாது.

நாட்கூலியா கொந்தராத்தா? திருத்த வேலையில் உள்ளே என்ன இருக்கிறது என்று கொத்திப் பார்த்தால்தான் தெரியும், அதனால் நாட்கூலி நியாயமானது. புதிதாகக் கட்டுவதற்குச் சதுர அடிக் கணக்கில் கூலிக் கொந்தராத்து நல்லது. முதன்முறை வீடு கட்டுபவர்கள் பொருளைத் தாங்களே வாங்கிக் கூலியை மட்டும் பேசுவதே பாதுகாப்பானது. நாட்கூலி என்றால் சாப்பாட்டுடனா சாப்பாடு இல்லாமலா, கையாளின் கூலி சேர்ந்ததா என்று கேளுங்கள். பூச்சு வேலையில் கதவு ஜன்னல் இடத்தைக் கழித்து அளப்பதா கழிக்காமல் அளப்பதா என்று முன்பே பேசாததால் வந்த சண்டைகள் ஏராளம். மணலுக்கு ஒரு கியூப் என்பது 100 கன அடி. ட்ரெக்டர் பெட்டியின் நீள அகல உயரத்தை ஒரு தரம் நீங்களே அளந்து பாருங்கள்.

சொன்ன விலை எந்தத் திகதி வரை செல்லும் என்றும் கேளுங்கள். 2022 நெருக்கடியில் 50 கிலோ சீமெந்து மூடையின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் ஒரு கேள்வி மட்டும்: “மற்றவர்கள் இதைவிடக் கூடச் சொல்றாங்க, நீங்க எதைக் குறைச்சீங்க?” நேர்மையான பதில் ஒன்று இருந்தால் அவரையே எடுக்கலாம்.

## ஆறாம் படி: எழுத்தும் முற்பணமும்

தெரிந்தவர், சொந்தக்காரர், பள்ளிவாசலில் தினமும் பார்ப்பவர் என்பதால் எழுதக் கூச்சப்படுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்-பகராவின் 282ஆவது, தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும் சாட்சி வைப்பது பற்றியும்தான் பேசுகிறது. எழுதுவதை அவநம்பிக்கை என்று எண்ண வேண்டியதில்லை.

ஒரு பக்கம் போதும். இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை என்ன, என்ன வேலை இதில் சேராது, மொத்தத் தொகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, தொடங்கும் முடியும் திகதி, இரண்டு சாட்சி. கையொப்பமிட்ட தாளைப் படம் எடுத்து இருவரின் வட்ஸ்அப்பிலும் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் வேலை கூடினால் அன்றிரவே ஒரு செய்தி: “இன்டைக்குப் பேசின மாதிரி பின் வாசலுக்கு ஒரு படி கூட, அதுக்கு இவ்வளவு.” அவர் “ஓம்” என்று பதில் போட்டால் அது எழுத்து.

முற்பணம் சிறிதாக இருக்கட்டும். ஆளை நேரில் பார்க்காமல், வீட்டுக்கு வராமல், ஒரு சதமும் அனுப்பாதீர்கள். “சாமான் எடுக்கணும், இப்பவே போடுங்க” என்று அவசரப்படுத்தினால் கடையின் பெயரைக் கேட்டுக் கடைக்கே நேராகக் கட்டுங்கள். வங்கி மூலம் அனுப்பும்போது கணக்கு அவருடைய பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்புப் பகுதியில் வேலையின் பெயரை எழுதுங்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்கிறவர் மேசனும் இல்லை, வயரிங்காரரும் இல்லை, அழைப்பைத் துண்டியுங்கள்.

வீட்டு வேலைக்கு அத்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை முதல் பெரிய மழைக்குப் பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். ஆனால் கட்டம் முடிந்த அன்றே அதற்குரிய காசு அவர் கையில் இருக்க வேண்டும். மாலையில் கையாட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் மேசன் தலைகுனிந்து நிற்கும் நிலைக்கு வீட்டுக்காரர் காரணமாகக் கூடாது. ஊரில் நல்ல தொழிலாளிகள் சில வீடுகளுக்கு “நேரமில்லை” என்று சொல்வதன் காரணம் பல நேரம் இதுதான்.

## ஏழாம் படி: வேலை நடக்கும்போது

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே விதி: மூடுமுன் படம். கொங்கிரீட் போடுமுன் கம்பி, பூசுமுன் சுவருக்குள் போகும் வயர்ப் பைப், டைல்ஸ் பதிக்குமுன் தண்ணீர்க் குழாய். ஒவ்வொன்றிலும் அளவு நாடா தெரிய வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று மகளுக்கு அந்தப் படங்கள் சொல்லும். மாடி வேலை, ஸ்லாப் வேலை என்றால் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, கம்பி கட்டிய நாளில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி வைக்கும்படி சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வதையும் அத்திவாரத்துக்கு முன்பே மனதில் வையுங்கள். நெருக்கமான வளவுகளில் பிறகு இடம் கிடைக்காது.

வீட்டில் தனியாக இருக்கும் ராத்தாமாருக்கு: பொதுக் குரூப்பில் சொந்த நம்பரையோ வீட்டின் இடத்தையோ போடாதீர்கள். “மாப்பிள்ளை வெளிநாட்டில்” என்று எழுதாதீர்கள். பதிவைத் தம்பியின் அல்லது சாச்சாவின் பெயரில் போடலாம். ஆளின் பெயரும் ஊரும் உறுதியான பிறகே லொக்கேஷன் அனுப்புங்கள். முதல் நாள் பார்க்க வரும்போது குடும்பத்து ஆண் ஒருவரோ பக்கத்து வீட்டு மாமியோ கூட இருக்கட்டும். வேலை பற்றிய கேள்விகளை மட்டும் நீங்களே கேளுங்கள். குசினியில் நிற்கப்போகிறவர் நீங்கள். மேசையின் உயரத்தைத் தம்பி சொல்லக் கூடாது.

## தகராறு வந்தால்

முதலில் குறையைப் படத்துடன் எழுதி அனுப்பி, வந்து பார்க்க ஒரு நாள் கொடுங்கள். குரூப்பில் திட்டிப் பதிவு போட்டால் ஆள் வருவதற்கான கடைசி வழியும் அடைபடும். வரவில்லையென்றால் சாட்சிகளை அழைத்துப் பேசுங்கள். இரு பக்கமும் ஏற்பதானால் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போகலாம். அதற்கும் மேலே, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வைத்து வாதாட முடியாது; நீங்களும் அவரும் நேரில் பேச வேண்டும். அந்த ஒரு பக்க ஒப்பந்தமும் வங்கிப் பற்றுச்சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும் அங்கே உதவும். கடையில் வாங்கிய பொருளில் மோசடி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977.

## எட்டாம் படி: வேலை முடிந்ததும் எழுதுங்கள்

இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. அதனால்தான் அடுத்தவருக்கு மறுபடியும் வெறும் நம்பர்கள் மட்டும் கிடைக்கின்றன. “சூப்பர் வேலை” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என்ன வேலை, எந்த ஊர், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, சொன்ன விலைக்கும் முடிந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம், குறை சொன்னபோது வந்தாரா என்று எழுதுங்கள். அவருடைய சம்மதத்துடன் பெயரையும் நம்பரையும் சேருங்கள். குறை இருந்தால் திட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கேட்பவர்களுக்கு வீட்டைக் காட்டத் தயார் என்றால் அதையும் சொல்லுங்கள். பிறகு, மழை ஓய்ந்ததும், அதே பதிவின் கீழ் இன்னொரு வரி சேருங்கள்: ஒழுகியதா, இல்லையா.